நட்சத்திரத்தின் மகன் – 7: முத்திரையின் கீழே இன்னொரு முகம்

ரோமப் படையை யூதேயாவின் ஊர்களிலிருந்து துரத்தியடித்த சீமோன் பார் கோசிபாவைச் சென்ற வாரம் பார்த்தோம். ஆண்டு கி.பி. 132. அந்தத் தலைமுறையின் ஆகப் பெரிய வேத அறிஞர் ரபி அகிபா. அவரே சீமோனைச் சுட்டிக்காட்டி, யூதர் காத்திருந்த மேசியா அரசன் இவன்தான் என்று சொல்லிவிட்டார். யாக்கோபிலிருந்து நட்சத்திரம் உதிக்கும் என்ற எண்ணாகம வாக்கை அவனுக்குப் பொருத்தினார். நட்சத்திரத்தின் மகன், பார் கோக்பா என்று பெயர் பரவியது.

எல்லாரும் தலையாட்டவில்லை. உம் கன்னத்தில் புல் முளைத்த பிறகும் தாவீதின் மகனான மேசியா வந்திருக்க மாட்டான் என்று யோகனான் பென் தோர்த்தா என்ற ரபி அகிபாவிடம் முகத்துக்கு நேரே சொன்னதாக எருசலேம் தால்முத் பதிவுசெய்கிறது.

அகிபா எதை வைத்து நம்பினார்? கி.மு. 63இல் ரோமத் தளபதி பாம்பேயு எருசலேம் ஆலயத்தின் மகா பரிசுத்த இடத்துக்குள்ளேயே நுழைந்த அவமானத்துக்குப் பிறகு எழுந்தவை 'சாலொமோனின் சங்கீதங்கள்'. அவை கேட்பது தாவீதின் குலத்தில் ஓர் அரசனை: அந்நியரை விரட்ட வேண்டும், நகரைத் தூய்மையாக்க வேண்டும், சிதறிய மக்களைக் கூட்ட வேண்டும். கும்ரான் குகைச் சுருளோ ஆசாரியரான ஆரோன் வழியில் ஒருவர், இஸ்ரவேல் வழியில் ஒருவர் என இரண்டு மேசியாக்களை எதிர்பார்த்தது. ஒரே மாதிரியான நம்பிக்கை அன்று இருந்ததாக நினைப்பதுதான் நாம் பொதுவாகச் செய்யும் தவறு.

இப்போது சீமோனின் நாணயத்தைக் கையில் எடுங்கள். ரோமக் காசையே எடுத்து, அதன்மேல் புதிய அச்சைக் குத்தியிருக்கிறார்கள். ஒரு பக்கம், கி.பி. 70இல் ரோமர் எரித்த ஆலயத்தின் முகப்பு. சில காசுகளில் 'எலெயாசார் ஆசாரியன்' என்ற பெயர். அரசனோடு ஓர் ஆசாரியன்! கும்ரான் ஞாபகம் வருகிறது; ஆனால் அதற்கு மேல் அந்தக் காசு சாட்சி சொல்லாது. சில காசுகளில் பழைய அச்சு சரியாக அழியவில்லை. உற்றுப் பார்த்தால் பேரரசரின் முகச்சாயல் தெரியும்.

சீமோன் லேசான ஆள் இல்லை. காலில் விலங்கு பூட்டிவிடுவேன் என்று தன் தளபதி ஒருவனையே மிரட்டிய கடிதம் பாலைவனக் குகையில் கிடைத்திருக்கிறது. கூடாரப் பண்டிகைக்குப் பேரீச்ச ஓலையும் எத்ரோக் கனியும் கழுதைகளில் ஏற்றி அனுப்பச் சொன்னதும் இதே ஆள்தான்.

அதே யூதேயாவில் இயேசுவை மேசியா என்று ஏற்றவர்களும் இருந்தார்கள். அவர்களில் யூதர் பலர். பிலாத்துவின் ஆணையால் சிலுவையில் அறையப்பட்டவர் எப்படி மேசியா ஆவார்? அக்கால யூதர் பலருக்கு அந்தச் சாவே கதையின் முடிவு. யோர்தானைப் பிளப்பேன் என்று கூட்டம் சேர்த்த தெயுதாஸின் தலையை ரோமர் வெட்டினார்கள்; அவன் இயக்கம் அத்தோடு அடங்கியது. கிறிஸ்தவர்களோ மரணத்தையே திட்டத்தின் பகுதி என்றார்கள். அவர் உயிர்த்தெழுந்தார், மீண்டும் வருவார், அரசாட்சி அப்போது முழுமையடையும் என்றார்கள். அப்படியிருக்க, உயிரோடு நிற்கும் இன்னொரு மேசியாவின் பின்னால் அவர்கள் எப்படிப் போவார்கள்?

போகவில்லை. இயேசுவை மறுதலிக்காத கிறிஸ்தவர்களைக் கொடிய தண்டனைக்கு இழுத்துச் செல்லச் சீமோன் ஆணையிட்டதாக, சுமார் இருபது ஆண்டுகள் கழித்து ஜஸ்டின் எழுதுகிறார். ஜஸ்டின் கிறிஸ்தவர் என்பதை மனத்தில் வைத்துப் படிக்க வேண்டிய செய்தி.

உள்ளே இந்தக் கெடுபிடி நடக்க, பேரரசர் ஹேட்ரியனின் அழைப்பு பிரித்தானியா வரை போய்விட்டது. அங்கே ஆளுநராக இருந்த ஜூலியஸ் செவேருஸ் யூதேயாவுக்குப் புறப்பட்டார். நேருக்கு நேர் மோதும் எண்ணம் அவருக்கு இல்லை. அவர் முதலில் குறிவைத்தது கலகக்காரர்களின் சாப்பாட்டை.

(தொடரும்)