ஆள்வோர் இல்லாத வெளி: 1990களின் இணைய விடுதலைக் கருத்தியலும் அதிகாரம் பற்றிய அதன் பிழையும்

1996 பிப்ரவரி 8 அன்று சுவிட்சர்லாந்தின் தாவோஸ் நகரிலிருந்து ஜான் பெர்ரி பார்லோ ‘இணையவெளியின் சுதந்திரப் பிரகடனம்’ என்ற சிறு அறிக்கையை வெளியிட்டார். வயோமிங் மாநிலத்தில் மாட்டுப் பண்ணை நடத்தியவர். ‘கிரேட்ஃபுல் டெட்’ இசைக்குழுவுக்குப் பாடல் எழுதியவர். 1990இல் மிட்ச் கேபோர், ஜான் கில்மோர் ஆகியோருடன் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் என்ற இணைய உரிமை அமைப்பைத் தொடங்கியவர். அவரது அறிக்கையின் சாரம் இது: தொழில்மயமான நாடுகளின் அரசுகளுக்கு இணையவெளியில் இறையாண்மை இல்லை. அங்கே உடல் இல்லாததால் உடலை வருத்திப் பணியவைக்கும் ஆட்சிமுறை செல்லாது. அங்குள்ளோர் தங்கள் நெறிகளைத் தாங்களே வகுத்துக்கொள்வர். அதே நாளில்தான் அமெரிக்க அதிபர் பில் கிளிண்டன் புதிய தொலைத்தொடர்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். பார்லோவின் சீற்றம் அந்தச் சட்டத்தைக் குறித்ததே.

சட்டத்தின் ஒரு பகுதி, இணையத்தில் சிறுவர் கண்ணில் படக்கூடிய ‘ஆபாசமான’ பேச்சைக் குற்றமாக்கியது. இன்னொரு பகுதி, ஒரே நிறுவனம் நாடெங்கும் எத்தனை வானொலி நிலையங்களை வைத்துக்கொள்ளலாம் என்ற வரம்பை நீக்கியது. தொலைபேசி நிறுவனங்களும் கேபிள் நிறுவனங்களும் ஒன்றன் தொழிலில் மற்றொன்று நுழைய வழிவிட்டது. பிரகடனம் முதல் பகுதியோடு மட்டும் போரிடுகிறது. தகவல் தொழில்களைக் கண்டிக்கும் பத்தி ஒன்று அதில் உண்டு. ஆனால் அறிவைத் தனியுடைமையாக்கச் சட்டம் கேட்டு அரசிடம் போகிறார்கள் என்பதுதான் அங்கே குற்றச்சாட்டு. கம்பிகளையும் கணினிகளையும் கையில் வைத்திருப்பவரின் அதிகாரம் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. இந்த மௌனம் தற்செயலாக நேர்ந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அதிகாரம் என்றாலே அரசாணைதான் என்று கொண்ட ஒரு சிந்தனைமுறை இப்படித்தான் மௌனம் காக்க முடியும்.

ரிச்சர்ட் பார்புரூக், ஆண்டி கேமரன் இருவரும் 1995இலேயே ‘கலிபோர்னியக் கருத்தியல்’ என்ற கட்டுரையில் இந்தச் சிந்தனைமுறையைத் தாக்கியிருந்தனர். ஹிப்பிகளின் விடுதலை வேட்கையும் வலதுசாரிச் சந்தைப் பற்றும் சிலிக்கான் பள்ளத்தாக்கில் கைகோத்துவிட்டன என்றும், இணையத்தை வளர்த்த பொதுப்பணம் மறைக்கப்படுகிறது என்றும் அவர்கள் வாதிட்டனர். வரலாறு அவர்கள் பக்கமே. இணையத்தின் முன்னோடியாக 1969இல் தொடங்கிய அர்ப்பாநெட்டுக்குப் பணம் தந்தது அமெரிக்கப் பாதுகாப்புத் துறை; அதன்பின் நாட்டின் முதுகெலும்பு வலையமைப்பாக விளங்கிய என்எஸ்எஃப்நெட்டை நடத்தியது தேசிய அறிவியல் அறக்கட்டளை. அந்த முதுகெலும்பு 1995 ஏப்ரலில் மூடப்பட்டு, போக்குவரத்து தனியார் கைக்குச் சென்றது. ஆனால் இந்த மறதியைச் சுட்டுவதோடு விமர்சனம் நின்றுவிடக் கூடாது. பொதுப்பணத்தை நன்றியோடு நினைவுகூர்ந்திருந்தாலும் அந்தக் கருத்தியல் அதிகாரத்தை அரசாணையாக மட்டுமே காணும் இதே இடத்தில்தான் வந்து இடறியிருக்கும். லாம்டாமூவின் கதை அதைக் காட்டுகிறது.

லாம்டாமூ என்பது ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் பாவெல் கர்டிஸ் நடத்திய, முழுக்க எழுத்தாலான ஒரு கற்பனை மாளிகை. உலகின் பல மூலைகளிலிருந்தும் வந்தவர்கள் பாத்திரங்களாக அதன் அறைகளில் உலவினர், பேசினர், நிரல் எழுதிப் புதிய பொருட்களைச் சமைத்தனர். தரவுத்தளம் முழுவதையும் மாற்றும் உரிமை பெற்றவர்களுக்கு மந்திரவாதிகள் என்று பெயர். சச்சரவுகளுக்குத் தீர்ப்புச் சொல்லிச் சலித்த கர்டிஸ் 1992 இறுதியில் ஓர் அறிவிப்பு விடுத்தார்: மந்திரவாதிகள் இனி தொழில்நுட்பப் பணியை மட்டுமே செய்வார்கள், சமூக விவகாரங்களைக் குடிமக்களே பார்த்துக்கொள்ள வேண்டும். பார்லோ பின்னாளில் கோரிய தன்னாட்சியை இந்தச் சின்ன உலகத்துக்கு அதன் உரிமையாளரே மனமுவந்து கொடுத்தார் எனலாம்.

சில மாதங்களில் சோதனை வந்தது. 1993 மார்ச்சில் ஒரு பயனர், மற்றவர்களின் பாத்திரங்கள் செய்யாத செயல்களைச் செய்வதாகக் காட்டும் நிரலைக் கொண்டு, எல்லோரும் கூடும் அறையில் சிலர்மீது பாலியல் வன்முறையை எழுத்தில் நிகழ்த்தினார். ஜூலியன் டிபெல் அந்த ஆண்டின் இறுதியில் ‘வில்லேஜ் வாய்ஸ்’ இதழில் இதை விரிவாக எழுதினார். பாதிக்கப்பட்ட பெண்களில் ஒருவர் தன் கணினியின் முன் கண்ணீர் வடித்ததை அதில் பதிவு செய்திருக்கிறார். உடல் இல்லாத இடத்தில் வலியும் இல்லை என்ற நம்பிக்கைக்கு அந்தக் கண்ணீரே போதிய மறுப்பு. பிடிக்காதவரின் சொற்கள் தன் திரையில் தெரியாதபடி தடுத்துக்கொள்ளும் கட்டளை ஒவ்வொருவரிடமும் இருந்தது. வேண்டாதவர் அதைப் பயன்படுத்தலாமே என்றனர் சிலர். ஆனால் கண்ணை மூடிக்கொள்வது அவமானத்தைத் துடைக்காது. தீங்கு நிகழ்ந்தது பாதிக்கப்பட்டவரின் திரையில் மட்டும் அன்று. அறையில் இருந்த அத்தனை பேர் முன்னிலையில். பொதுவெளியில் நேரும் தீங்குக்குத் தனிமனிதக் கருவி மருந்தாகாது. தொடக்கக் கால இணையச் சிந்தனை கடைசிவரை எதிர்கொள்ள மறுத்த உண்மை இது.

என்ன செய்வது என்று முடிவெடுக்கக் கூடிய கூட்டத்தில் அரசின்மைவாதிகள், சட்டவாதிகள், தொழில்நுட்பவாதிகள் எனப் பலரும் மணிக்கணக்கில் பேசினர். முடிவு ஏதும் எட்டப்படவில்லை. கூட்டம் கலைந்தபின் மந்திரவாதி ஒருவர் தானே தீர்மானித்து அந்தப் பாத்திரத்தை அழித்தார். தண்டனை தகுதியானதே என்று நான் கருதுகிறேன். அது வந்த வழியைத்தான் கவனிக்க வேண்டும். நடைமுறை இல்லாத இடத்தில் முடிவு, நிரலின் சாவி யார் கையில் இருந்ததோ அவரிடமே போய்ச் சேர்ந்தது. வெளியூர் சென்றிருந்த கர்டிஸ் திரும்பி வந்து மனுவும் வாக்கெடுப்பும் கொண்ட ஒரு முறையை அமைத்தார். அதுவும் நிலைக்கவில்லை. தொழில்நுட்பத்தையும் சமூக முடிவையும் பிரிக்கவே முடியவில்லை என்று ஒப்புக்கொண்டு, சமூக விவகாரங்களில் தலையிடும் பொறுப்பை மந்திரவாதிகள் 1996 மே மாதம் வெளிப்படையாகத் திரும்ப எடுத்துக்கொண்டனர். பார்லோவின் பிரகடனம் உலகைச் சுற்றத் தொடங்கி அப்போது மூன்று மாதம் ஆகியிருந்தது.

அந்தப் பிரகடனத்தின் எதிரியை வீழ்த்தியது யார் என்பதையும் பார்க்க வேண்டும். பேச்சைக் குற்றமாக்கிய பிரிவுகளை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1997 ஜூன் 26 அன்று செல்லாதென அறிவித்தது. அரசியலமைப்பின் முதல் திருத்தமும், அதை முன்வைத்து வழக்காடிய குடிமை உரிமை அமைப்புகளும் ஈட்டிய வெற்றி அது. பார்லோ நிறுவிய அமைப்பும் அந்தப் போராட்டத்தில் நின்றது. இறையாண்மையே இல்லை என்று மறுக்கப்பட்ட அரசின் ஒரு கிளைதான் இணையவெளியின் பேச்சுரிமையை நிலைநிறுத்தியது. அதே சட்டத்தின் 230ஆம் பிரிவோ நிலைத்தது: பிறர் எழுதியதற்குத் தளம் நடத்துவோரைப் பதிப்பாளராகக் கொள்ளக் கூடாது, அவர்கள் நல்லெண்ணத்துடன் எதையும் நீக்கலாம். மந்திரவாதிகளின் அதிகாரத்துக்குச் சட்டப் பாதுகாப்பு இப்படிக் கிடைத்தது. அதற்கு இணையாகக் குடிமக்களின் வாக்கெடுப்பு எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை. அதைக் கேட்கும் மொழியை அந்தத் தலைமுறை முன்பே கைவிட்டிருந்தது.

இலட்சியம் தூயது, பின்னால் வந்த பெருநிறுவனங்கள் அதைக் கெடுத்துவிட்டன என்று சொல்வோர் உண்டு. மறையாக்கத்துக்காக சைஃபர்பங்குகள் எனப்பட்ட நிரலாளர் ஆர்வலர்கள் நடத்திய போராட்டத்தை அவர்கள் சான்றாகக் காட்டுவர். 1993இல் அமெரிக்க அரசு முன்வைத்த, ஒட்டுக்கேட்க வசதி செய்த ‘கிளிப்பர்’ சில்லு தோற்றது உண்மையிலேயே பெரும் நன்மை. அந்தப் போராட்டத்துக்கு நாம் இன்றும் கடன்பட்டிருக்கிறோம். ஆயினும் மறையாக்கம் கடிதத்தை வழியில் பிரிப்பவரிடமிருந்துதான் காக்கும். கடிதம் போய்ச்சேரும் நிறுவனமே அதைப் படித்துச் சேமித்தால் அது என்ன செய்யும்? 2013இல் எட்வர்ட் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்கள், அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை ‘பிரிசம்’ திட்டத்தின் வழியே கூகுள், ஃபேஸ்புக், மைக்ரோசாஃப்ட் போன்ற நிறுவனங்களிடமிருந்து பயனர் தரவுகளைப் பெற்றுவந்ததைக் காட்டின. அரசு ஒரு பக்கம், வலையுலகம் மறுபக்கம் என்று பிரகடனம் கீறிய கோட்டின் மேலேயே அந்தத் தரவுகள் குவிந்து கிடந்தன. நிறுவனம் திரட்டாத ஒன்றை உளவுத்துறை வந்து கேட்டிருக்க முடியாது. அரசின் கண்காணிப்பை எதிர்க்க நினைப்பவர் நிறுவனத்தின் திரட்டலுக்கு வரம்பு கேட்க வேண்டும். அந்த வரம்பை விதிக்கச் சட்டமன்றத்தின் கதவைத்தான் தட்ட வேண்டும்.