முழங்காலும் அதிகாரமும்: ஆண்களின் இடையுடை பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

ஆண்கள் பாவாடை அணிவது மேனாட்டுப் பத்திரிகைகளில் அவ்வப்போது வியப்புச் செய்தியாக இடம்பெறுகின்றது. ஆணுக்குக் காற்சட்டை, பெண்ணுக்குப் பாவாடை என்னும் பிரிவு இயற்கையானது என்ற எண்ணமே அவ்வியப்பின் அடிப்படையாகும். இடையைச் சுற்றித் துணி உடுத்தும் வழக்கம் இருபாலார்க்கும் பொதுவாக விளங்கிய நமது நாட்டில் அவ்வியப்புக்கு இடமில்லை. ஆயினும், அது காரணமாக நமது உடையின் வரலாறு சமத்துவத்தின் வரலாறு ஆகிவிடாது. மேனாட்டார் ஆணுடை, பெண்ணுடை என வகுத்துக் காவல் செய்தனர். நமது சமுதாயமோ ஆணின் துணி எதுவரை தொங்கலாம் என்பதை வகுத்துக் காவல் செய்தது. அக்காவலின் இயல்பையும் அதன் சமூக அடிப்படையையும் இக்கட்டுரையில் ஆராய முற்படுகின்றோம். கண்டி இராச்சியத்தின் பழைய கிராமச் சமுதாயமும், குடியேற்ற ஆட்சி தோற்றுவித்த பெருந்தோட்டச் சமுதாயமும் ஒரே மலைத்தொடரின் இரு மருங்கிலும் அமைந்துள்ள மாத்தளை மாவட்டத்து ரிவர்ஸ்டன் பகுதியை நமது நோக்கின் மையமாகக் கொள்வோம்.

சொற்கள் தரும் சான்று

பண்டைத் தமிழில் உடையைக் குறித்த அறுவை, கலிங்கம், துகில் ஆகிய சொற்கள் பால் சுட்டாதவை. அறுவை, துணி, துண்டு என்பன, நெய்த நீளத்திலிருந்து அறுத்தெடுக்கப்பட்டது என்னும் பொருளையே தருவன. தைத்துப் பால் பிரிப்பது அவ்வுடையின் இலக்கணத்தில் இல்லை. இன்று தமிழகத்தில் பெண்ணின் சேலையை மட்டும் குறிக்கும் புடவை என்னும் சொல், இலங்கைத் தமிழில் துணி என்ற பொதுப்பொருளிலேயே வழங்குகின்றது. புடவைக் கடை, புடவைக் கைத்தொழில் என்னும் வழக்குகள் இதற்குச் சான்று.

பாவாடை என்னும் சொல் இன்னும் கருதத்தக்கது. பெரியோர் நடந்து வரும் வழியில் நிலத்தில் விரிக்கும் துணியையும் அச்சொல் குறித்தது. தமிழகத்தின் வடமாவட்டங்களில் அங்காளம்மனின் காவல் தெய்வமாக வணங்கப்படுபவர் பாவாடைராயன். அப்பகுதிகளில் பாவாடை என்பது ஆண்மக்களுக்கு இடப்படும் பெயராகும். பெயரைக் கேட்டு நகரத்தார் நகைக்கலாம். ஆனால் அந்நகைப்பு அண்மைக் காலத்தது.

இலங்கையில் ஆண்கள் உடுத்துவனவற்றின் பெயர்கள் கடல்வழி வணிகத்தின் வரலாற்றையும் காட்டுகின்றன. சாரம் மலாய்மொழியிலிருந்து வந்தது. கம்பாயம், குஜராத்தின் கம்பாயத் துறைமுகத்தை நினைவூட்டுவது. காற்சட்டையைக் குறிக்கும் களிசான் போர்த்துக்கேயச் சொல். வேட்டியும் சாரமும் கம்பாயமும் அமைப்பில் ஏறத்தாழ ஒன்றே. இடையிற் சுற்றிச் செருகப்படுவன. அவற்றிடையே நாம் காணும் ஏற்றத்தாழ்வு துணியில் இல்லை. உடுப்பவரின் சமூக நிலையில் உள்ளது.

கூத்துக்களரியில்

கற்பனை உலகிலும் இவ்வுண்மை புலப்படுகின்றது. விராட நாட்டில் அருச்சுனன் பேடியாகிப் பிருகன்னளை என்னும் பெயருடன் ஓராண்டு மறைந்து வாழ்ந்த கதையை யாவரும் அறிவர். அவன் ஆண்மையை இழந்த நிலையைப் பெண்ணுடை குறித்ததாகக் கொள்வது எளிது. ஆனால் அதே அருச்சுனன் மட்டக்களப்பு வடமோடிக் கூத்தில் வீரனாகக் களரியேறும்போது, கரப்பைக் கவிழ்த்தாற்போல் விரிந்து நிற்கும் கரப்புடுப்பையே அணிகின்றான். கருணனும் துரியோதனனும் அவ்வாறே. தமிழகத் தெருக்கூத்தின் கட்டை வேடக்காரரும் கேரளத்துக் கதகளி வீரரும் விரிந்த பாவாடையுடனேயே போர்க்களம் புகுவர். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் கர்ணன் போர், இராவணேசன் முதலிய கூத்துகளை மேடையேற்றியபோது, காற்சட்டை அணிந்து விரிவுரைக்கு வந்த மாணவர்களே மாலையில் கரப்புடுப்பணிந்து மன்னராயினர். அங்கு விரிந்த உடை வீரத்தின் அடையாளம்; உடல் கொள்ளும் இடத்தின் அளவே அதிகாரத்தின் அளவு.

மலையகத்துக் காமன் கூத்திலோ ஆணே சேலையுடுத்தி இரதியாக ஆடுவான். பகல் முழுவதும் துரைக்கும் கங்காணிக்கும் அடங்கிய தொழிலாளி, இரவில் தெய்வப்பெண்ணாகிக் கணவனை எரித்த சிவனோடு வழக்காடுகின்றான். உடைமாற்றம் ஈண்டு இழிவன்று. பேசும் உரிமை ஒன்றைப் பெறும் வழியாகின்றது.

முழங்கால் என்னும் எல்லை

களரிக்கு வெளியே நிலைமை வேறு. 1660இல் சிறைப்பட்டுப் பத்தொன்பது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் வாழ்ந்து 1679இல் தப்பிச்சென்ற றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில், உடை உடுத்தும் முறையைக் கொண்டே அங்கு உயர்குலத்தாரை இனங்காணலாம் என எழுதினார். உயர்குல ஆடவரின் துணி கெண்டைக்கால்வரை தொங்கும். தாழ்ந்தோராகக் கருதப்பட்டோர் முழங்காலுக்குக் கீழே துணியைத் தொங்கவிடலாகாது. தலைவர்களோ பல முழத் துணியை அடுக்கடுக்காக இடையிற் சுற்றிப் பருமனாக உடுத்தினர். நிலத்தின்மீது கொண்ட உரிமை துணியின் நீளமாகவும் கனமாகவும் வெளிப்பட்டது.

இது கண்டிக்கு மட்டும் உரியதன்று. யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினர் சால்வை அணிவதும் முழங்காலுக்குக் கீழ் வேட்டி உடுத்துவதும் நீண்டகாலம் தடுக்கப்பட்டன. அச்சமுதாயத்தின் சாதிக்கொடுமையைக் கே. டானியல் பஞ்சமர் (1972) முதலிய நாவல்களிற் பொருளாக்கினார். தமிழகத்தில் இராமநாதபுரம் மாவட்டத்தில் 1930 டிசம்பரில் ஆதிதிராவிடர்மீது ஆதிக்கச் சாதியினர் எட்டுத் தடைகளை விதித்தனர். அவற்றுள் ஒன்று, ஆடவர் முழங்காலுக்குக் கீழும் இடைக்கு மேலும் துணி உடுத்தலாகாது என்பது. மீறியோரின் குடிசைகள் எரிக்கப்பட்டன. மன்னராட்சிக் காலத்துப் பழங்கதையன்று இது. இருபதாம் நூற்றாண்டின் நிகழ்ச்சி. உலகாளும் மன்னனுக்கும் காட்டு வேட்டுவனுக்கும் உடுக்கும் துணி இரண்டுதான் எனப் புறநானூற்றில் (189) நக்கீரனார் கண்ட பொதுமை, அறிவுரையாக நின்றதேயன்றி நடைமுறையாகவில்லை.

ரிவர்ஸ்டன்: இரு சரிவுகள்

மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாகச் செல்லும் பாதை, தேயிலையும் ஏலமும் விளையும் சரிவுகளில் ஏறி, காற்று ஓயாது வீசும் ரிவர்ஸ்டன் கணவாயைக் கடந்து, லக்கலைப் பிரதேசத்தின் வயல்களை நோக்கி இறங்குகின்றது. ஈரவலயமும் உலர்வலயமும் சந்திக்கும் இடமாகப் புவியியலாளர் இதனைக் கருதுவர். சமூக வரலாற்று மாணவருக்கும் இது ஓர் எல்லையே.

லக்கலைச் சரிவிலுள்ள பழைய சிங்களக் கிராமங்களில் உழவன் சேற்றில் இறங்கும்போது அமுடை எனப்படும் கோவணத்துடன் உழைத்தான். வீட்டிலும் விகாரையிலும் நீளத்துணி உடுத்தான். மறுசரிவின் தோட்டங்களுக்கு வந்தவர்கள் தமிழகத்து மக்கள். 1820களில் தொடங்கிப் பின்வந்த பத்தாண்டுகளில் பெருகிய கோப்பிச் செய்கைக்காக, மன்னார்க் கரையில் இறங்கித் தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தே வந்தவர்கள் அவர்கள். இராமநாதபுரத்தாரும் அவர்களுள் அடங்குவர். முழங்காலுக்கு மேல் உடுக்க வேண்டுமென்ற கட்டளையை ஊரில் விட்டு வந்தவர்கள், இங்கு மற்றொரு கட்டளையைச் சந்தித்தனர்.

மழையும் அட்டையும் மிகுந்த மலைச்சரிவில் வேலைசெய்வோன் வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியே ஆகவேண்டும். அது தொழிலின் தேவை. ஆனால் துரையோ பெரிய கங்காணியோ எதிர்ப்பட்டால், தலைப்பாகையை அவிழ்த்து, மடித்த வேட்டியை இறக்கிவிட்டு, வழியை விட்டு ஒதுங்கி நிற்கவேண்டும். அது மரியாதையின் தேவை. குளிருக்குத் தலைமேற் போர்த்த கம்பளியும் அவ்வாறே இறங்கவேண்டும். பெரிய கங்காணியோ வேட்டிக்கு மேல் மேனாட்டுக் கோட்டு அணிந்து, தலைப்பாகையுடன் குடை பிடித்து நடந்தான். துரைக்கும் தொழிலாளிக்கும் இடையில் அவன் வகித்த நிலையை அவ்வுடை வெளிப்படையாகக் கூறிற்று.

இங்கு ஒரு முரண்பாடு தோன்றுகின்றது. இராமநாதபுரத்தில் ஒடுக்கப்பட்டோன் வேட்டியை இறக்குவது குற்றம். தோட்டத்தில் இறக்காமை குற்றம். துணியின் நீளத்தை மட்டும் நோக்குவோர்க்கு இம்முரண்பாடு விளங்காது. நீளம் அன்று, நீளத்தைத் தீர்மானிக்கும் உரிமை யாரிடத்தில் உள்ளது என்பதே வினா. இரு வழக்கிலும் அவ்வுரிமை உடுப்பவனிடத்தில் இல்லை. நிலவுடைமைச் சமுதாயத்தில் நிலக்கிழானிடமும், பெருந்தோட்டத்தில் மூலதனத்தின் முகவரிடமும் அது இருந்தது. உற்பத்தி முறை மாறியபோது கட்டளையின் வடிவம் மாறிற்று, கட்டளை மாறவில்லை.

தோட்டம் எவ்வளவு மூடுண்ட உலகாக இருந்தது என்பதற்கும் துணியே சான்று தருகின்றது. வெளியார் தோட்டத்துள் நுழைவது அத்துமீறலாகக் கொள்ளப்பட்ட அக்காலத்தில், புடவை வியாபாரிக்கு மட்டும் லயங்கள்வரை செல்ல இடமிருந்தது. தொழிலாளரின் நிலையை நேரில் அறிய விரும்பிய கோ. நடேசையர் புடவை வியாபாரியாக வேடமிட்டுத் தோட்டங்களுள் சென்றமை மலையக வரலாற்றில் நன்கறியப்பட்ட செய்தி. 1931இல் தோட்டத் தொழிலாளருக்கெனத் தொழிற்சங்கம் அமைத்தவரும் அவரே.

பெயரிடும் உரிமை

குடியேற்றவாதிகள் நமது ஆடவரின் உடையைப் பெண்ணுடை எனப் பெயரிட்டனர். கொண்டையில் சீப்பும் இடையில் கம்பாயமும் அணிந்த காலித் துறைமுகத்து ஆடவரைப் பெண்ணெனக் கருதி மயங்கியதாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பயண நூல்கள் நகைச்சுவையுடன் கூறும். ஆளப்படுவோரைப் பெண்மைப்படுத்திக் காண்பது ஆள்வோரின் உளவியலுக்கு உவப்பானது.

ஆயின் இலங்கைத் தோட்டத் துரைமாருட் பலர் ஸ்கொட்லாந்தியர். அவர்களது மலைநாட்டு ஆடவரின் உடை கில்ட் என்னும் மடிப்புப் பாவாடை. 1745இன் கிளர்ச்சியை அடக்கிய பின்னர், 1746இல் பிரித்தானியப் பாராளுமன்றம் அவ்வுடையைத் தடைசெய்தது. அரசபடையினருக்கு மட்டும் விலக்களித்தது. 1782இல் தடை நீங்கியது. 1822இல் நான்காம் ஜோர்ஜ் மன்னன் எடின்பரோவுக்குச் சென்று அங்கு அவ்வுடையை அணிந்தபோது அது உயர்குடியினரின் பெருமையாயிற்று. கில்ட் உடைக்குப் பேர்பெற்ற 78ஆம் ஹைலாந்தர் படைப்பிரிவு 1826 முதல் 1837 வரை இலங்கையில் இருந்தது. துப்பாக்கி ஏந்தியவன் உடுத்தினால் வீரவுடை, மண்வெட்டி ஏந்தியவன் உடுத்தினால் பெண்ணுடை என்பதே இதன் பொருள்.

இதற்குத் தேசியவாதிகள் அளித்த மறுமொழிகள் ஒருதன்மையன அல்ல. ஆனந்த குமாரசுவாமி 1905இல் வெளியிட்ட சிறுநூலில் மேனாட்டுடையை இரவல் இறகுகள் எனக் கடிந்தார். அநகாரிக தர்மபால மேனாட்டுடையுடன் சீப்பையும் கம்பாயத்தையும் சேர்த்துக் கண்டித்தார். காந்தியடிகள் 1921 செப்டெம்பரில் மதுரையில் முழங்காலளவுத் துணியைத் தாமே தேர்ந்தார். இழிவின் அளவையாக இருந்த நீளத்தை விரும்பி ஏற்றமையே அச்செயலின் ஆற்றல். எனினும், தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு அவருக்கு இருந்தது; இராமநாதபுரத்து உழவனுக்கு இருக்கவில்லை.

1956இல் பண்டாரநாயக்கவின் அரசு பதவியேற்றபோது வெண்துணியும் கழுத்துப்பட்டியற்ற நீள்சட்டையும் தேசிய உடையாக அரசவை ஏறின. காற்சட்டையின் தனியாட்சி தளர்ந்தது முற்போக்கானதே. ஆனால் அவ்வாண்டிலேயே தனிச்சிங்களச் சட்டமும் வந்தது. தேசியம் என்பது ஓரினத்தின் உடைமையானபோது, அமைப்பில் ஒன்றேயான இரு துணிகள் பகையாக்கப்பட்டன. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமை இழந்த மலையகத் தொழிலாளிக்குத் தேசிய உடையால் விளைந்த பயன் ஏதுமில்லை. 1958, 1977, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்களில் வேட்டி, பொட்டு போன்ற அடையாளங்கள் உயிருக்கே ஆபத்தாயின.

தமிழகத்திலும் 2014இல் சென்னைக் கழகம் ஒன்று வேட்டியுடுத்திய உயர்நீதிமன்ற நீதிபதியை உள்ளே விட மறுத்தது. அவ்வாண்டே சட்டமன்றம் அத்தகைய தடைகளை நீக்கிச் சட்டம் இயற்றியது. நீதிபதிக்கு நேர்ந்த அவமதிப்பு சில வாரங்களிற் சட்டமாயிற்று. முழங்காற் கட்டளைக்கு உட்பட்ட இலட்சக்கணக்கானோரின் அவமதிப்பு எவ்வளவு காலம் காத்திருந்தது என்பதையும் நாம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

முடிவுரை

ஆண் பாவாடை அணியலாமா என்னும் வினா நமது வரலாற்றுக்கு அயலானது. நமது வரலாற்றின் வினா, அவன் அதனைத் தன் விருப்பப்படி உயர்த்தவும் தாழ்த்தவும் உரியவனா என்பதே. இன்று ரிவர்ஸ்டனின் இரு சரிவுகளிலும் இளைஞர் காற்சட்டை அணிகின்றனர், சாரம் வீட்டுடையாகியுள்ளது. முழங்காற் கட்டளைகளும் மறைந்து வருகின்றன. மறைவன நினைவிலிருந்தும் மறைவதற்கு முன் அவற்றைப் பதிவுசெய்தல் நமது கடமை. அருங்காட்சியகங்களில் மன்னரின் பட்டும் பிரதானிகளின் பல முழத் துணியும் பேணப்படுகின்றன. மடித்துக் கட்டிய வேட்டியைத் துரையைக் கண்டதும் இறக்கிய கைகளின் வரலாறு அங்கில்லை. அது லயங்களில் வாழும் முதியோரின் வாய்மொழியில் இருக்கின்றது. அதனைத் தேடிச் செல்வதே இத்துறை ஆய்வாளரின் அடுத்த பணியாதல் வேண்டும்.