கலப்பைத் திங்கள்

விழாக்கால விடுமுறை முடிந்து பணிக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சில் ஏறும் பாரத்தை நாம் அனைவரும் அறிவோம். பழைய இங்கிலாந்தின் சிற்றூர் மக்களும் அதனை அறிந்திருந்தனர் போலும். அதற்கொரு வழியும் அவர்களிடம் இருந்தது.

கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவை அவர்கள் 12 நாள்கள் கொண்டாடினர். சனவரி 6-இல் திருக்காட்சிப் பெருவிழாவோடு ஓய்வு முடியும். மறுநாள் பெண்கள் நூல் நூற்கத் தொடங்குவர். நாரைச் சுற்றிவைக்கும் நூற்புக் கோலுக்கு ஆங்கிலத்தில் 'டிஸ்டாஃப்' என்று பெயர். எனவே அந்நாளைத் 'தூய டிஸ்டாஃப் நாள்' என வேடிக்கையாக அழைத்தனர். அப்பெயருடைய புனிதர் எவரும் இலர்! ஆண்கள் அந்நாரைக் கொளுத்துவதையும், பெண்கள் அவர்கள்மேல் நீரை வாரி ஊற்றுவதையும் 1648-இல் வெளிவந்த ராபர்ட் ஹெரிக்கின் கவிதை நூல் காட்டுகிறது. பாதி உழைப்பு, பாதி விளையாட்டு!

திருக்காட்சிக்குப்பின் வரும் முதல் திங்கட்கிழமை 'கலப்பைத் திங்கள்' எனப்பட்டது. உழவர் இளைஞர் கலப்பையை வீடுவீடாக இழுத்துச் சென்று காசு திரட்டினர். கோவிலில் உழவர் ஏற்றிவந்த 'கலப்பை விளக்கு'க்கு முற்காலத்தில் அக்காசு உதவிற்று. 16-ஆம் நூற்றாண்டின் சமய மாற்றத்தில் அவ்விளக்குகள் அணைந்தன. ஊர்வலமோ நெடுங்காலம் நீடித்தது.

பின்னர்த் தொழிற்சாலைகள் பெருகின. மணி ஒலித்த கணமே முழு வேகம் என்பது விதியாயிற்று. முன்பு ஊரே கூடிச் சுமந்த பாரத்தை இன்று ஒவ்வொருவரும் தனியே சுமக்கின்றோம்.

முதல் நாளிலேயே குவிந்த கோப்புகள் அனைத்தையும் முடிக்க நாம் முனைய வேண்டா. உடன் உழைப்போரோடு சற்று உரையாடி, எளிய பணியொன்றில் தொடங்குவோம். வேலை வாங்கும் பொறுப்பிலிருப்போர் அதற்கு இடந்தருதல் நீதியுமாகும்.