படிக்க முடியாத ஜாதகம்

கே.சி.எஸ். பணிக்கர் 1963-ல் தொடங்கிய 'வார்த்தைகளும் குறியீடுகளும்' ஓவிய வரிசையை முதல்முறை பார்க்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே காரியத்தைத்தான் செய்வார்கள்: கண்ணைச் சுருக்கிக்கொண்டு படிக்கப் பார்ப்பார்கள். வரிவரியாக எழுத்துகள். நடுவில் ஜாதகக் கட்டம் மாதிரி கோடுகள், எண்கள், சின்னச்சின்ன உருவங்கள். மலையாளத்தின் சுழிப்புகள்போல இருக்கும். ஆனால் மலையாளம் தெரிந்தவரும் நாலு வரி முயன்றுவிட்டு விட்டுவிடுவார். எழுத்தின் ஜாடை இருக்கிறது, எழுத்து இல்லை.

எனக்கு இந்த விளையாட்டு ஊரிலேயே பழக்கம். நான் தேவாரத்துக்காரன். நிமிர்ந்தால் மலை, மலைக்கு அந்தப் பக்கம் கேரளா. ஏலத்தோட்ட வேலைக்குப் போய்வருகிற எங்கள் சின்னம்மாவுக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. பஸ் போர்டில் எழுத்தின் சாயலை வைத்தே வண்டியைக் கண்டுபிடித்துவிடும். "முன்னாடி அந்தச் சுழிச்ச எழுத்து இருந்தா நம்ம வண்டிடா" என்கும். சின்னம்மாவுக்கு எழுத்து என்பது முழுக்க முழுக்க ஒரு டிசைன்.

பணிக்கர் கோயம்புத்தூரில் 1911-ல் பிறந்தவர். ஓவியம் படிக்க வருவதற்கு முன் தந்தித் துறையில் வேலை பார்த்திருக்கிறார். புள்ளியும் கோடும் சேர்ந்தால் செய்தி என்று நம்புகிற வேலை அது. (இந்த ஒரு தகவலுக்காகவே எனக்கு அவரைக் கூடுதலாகப் பிடிக்கும்.) பிறகு அவர் படித்ததும், 1957-ல் முதல்வரானதும் ஒரே இடம்: சென்னை எழும்பூர் ஓவியப் பள்ளி. அலெக்சாண்டர் ஹன்டர் என்கிற டாக்டர் 1850-ல் ஆரம்பித்தது. அன்றாடப் பொருட்களை அழகாகவும் விற்கும்படியாகவும் செய்யக் கற்றுத்தருவதுதான் அதன் ஆரம்ப நோக்கம். அதாவது டிசைன் எதற்காவது உதவ வேண்டும். அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, எதற்கும் உதவாத எழுத்தை ஒருவர் வரைகிறார்.

அதே 1963-ன் கடைசியில் லண்டனில் கென் கார்லண்ட் என்ற கிராபிக் டிசைனர் ஓர் அறிக்கை எழுதினார். 22 பேர் கையெழுத்து. 1964 ஜனவரியில் வெளிவந்தது. பூனைத் தீனிக்கும் முடி வளர்க்கும் தைலத்துக்கும் விளம்பரம் செய்தே எங்கள் திறமை வீணாகிறது, தெருப் பலகை, பாடப்புத்தகம் மாதிரியான உருப்படியான வேலைகளுக்கு அதைத் திருப்புவோம் என்பது சாரம். நல்ல எண்ணம்தான். ஆனால் டிசைன் ஒரு சுத்தமான கருவி, தப்பான ஆள் கையில் இருக்கிறது, அவ்வளவுதான் என்று அது நம்புகிறது. பணிக்கரின் படம் எனக்கு அதைவிட ஆழமாகத் தோன்றுவது இங்கேதான். அர்த்தத்தை மொத்தமாக உருவிவிட்ட பிறகும் கட்டமும் வரிசையும் நம்மைப் பணியவைக்கின்றன என்று அது காட்டிவிடுகிறது.

எங்கள் அக்காவின் ஜாதக நோட்டை நாலு மாப்பிள்ளை வீட்டார் திருப்பி அனுப்பினார்கள். மூலையில் மஞ்சள் தடவிய நோட்டு, சிவப்பு மையில் பன்னிரண்டு கட்டம், உள்ளே 'சூ', 'செ', 'கு' என்று ஒற்றை எழுத்துகள். எங்கள் வீட்டில் யாருக்கும் அதைப் படிக்கத் தெரியாது. ஆனாலும் ஒருத்தரும் எதிர்த்துக் கேட்கவில்லை. இதையே ஒருவர் பால்பாயின்ட் பேனாவில் துண்டுச்சீட்டில் எழுதித் தந்திருந்தால் அப்பா சண்டைக்குப் போயிருப்பார்.

என் வேலையிலும் இதுதான் நடக்கிறது. பணம் கட்டும் பக்கத்தில் ஒரு சின்னப் பூட்டுப் படம் வைப்போம். அதைப் பார்த்ததும் ஆட்கள் தயங்காமல் கார்டு நம்பரைத் தருவார்கள். அந்தப் படம் எதையும் பூட்டுவதில்லை. பாதுகாப்பு வேறெங்கோ, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது.

பணிக்கர் மீதும் ஒரு கேள்வி உண்டு. மேற்கத்திய நவீன ஓவியத்தின் நகலாக இல்லாமல் இந்தியத் தன்மையோடு வரைய வேண்டும் என்பது அன்றைய பெரிய கவலை. ஜாதகமும் சுவடியும் அதற்கு வசதியான அடையாளங்கள். எழுத்தைக் கேள்வி கேட்ட ஓவியமே 'இந்தியா' என்று சொல்லும் ஒரு லோகோவாக ஆகிவிடலாம். சில படங்களில் ஆகியும்விட்டது என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் 1966-ல் அவரும் சக ஓவியர்களும் மாணவர்களும் இஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலத்தை உருவாக்கியபோது நடந்ததைப் பார்க்க வேண்டும். ஓவியம் சோறு போடவில்லை. துணியில் மெழுகு தடவிச் சாயம் ஏற்றும் பாத்திக் வேலை செய்து விற்றார்கள். ஹன்டர் கேட்ட அதே விற்கிற அழகு! அந்தக் காசில்தான் யாரும் வாங்காத படங்களை வரைந்தார்கள். ஒரே கை, இரண்டு வேலை. பணிக்கர் 1977-ல் இறந்தார். கடைசி வருடங்கள்வரை அந்தப் படிக்க முடியாத வரிகளை எழுதிக்கொண்டுதான் இருந்தார்.