கழற்றுவதன் கதை

பந்தல் போடுறத நாலு பேர் நின்று பார்ப்பாங்க. கழற்றுறத யாரும் பார்க்கிறல்ல. எங்கட கல்முனைப் பக்கம் கலியாண வீடு முடிந்த அடுத்த நாள், வாடகைக் கதிரையை எண்ணிக் கொடுக்கும்போதுதான் கணக்கு இடிக்கும். லினக்ஸ் கேர்னலிலும் இதே கதைதான்.

ஒரு கருவிக்கான ட்ரைவர் கேர்னலுக்குள் வரும்போது நினைவகம், குறுக்கீட்டு இணைப்பு என்று ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்ளும். போகும்போது எதிர் வரிசையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். குறுக்கீட்டை நிறுத்த முதல் நினைவகத்தை விட்டால், அடுத்த குறுக்கீட்டோடு முழுக் கணினியும் விழலாம்.

2002இல் ரஸ்டி ரசல் மொட்யூல் ஏற்றும் பகுதியைப் புதிதாக எழுதினார். கழற்றுவது அவ்வளவு சிக்கல், அந்த வசதியே வேண்டாம் என்ற பேச்சும் அப்போது எழுந்தது. 2003 டிசம்பரில் வந்த 2.6 பதிப்பில் அது விரும்பினால் மட்டும் சேர்க்கும் தெரிவானது.

2007இல் வெளியான 2.6.21 பதிப்பில் தேஜுன் ஹியோவின் ‘டெவ்ரெஸ்’ சேர்ந்தது. வட்டு ட்ரைவர்களின் கழற்றும் பகுதியில் அவர் கண்ட பிழைகள்தான் காரணம். ட்ரைவர் வாங்கியதைக் கேர்னலே குறித்து வைத்து, எதிர் வரிசையில் விடுவிக்கும்.

அத்தோடு முடிந்ததா? இல்லை. யூஎஸ்பி கருவியைப் பிடுங்கிய பிறகும் ஒரு செயலி அதைத் திறந்தே வைத்திருக்கலாம். பந்தலுக்குள் ஆள் இருக்கும்போதே கம்பைப் பிடுங்கின மாதிரி, தானாக விடுவிப்பதே அங்கே ஆபத்து. கடைசி ஆள் வெளியேறும் வரை எண்ணிக்கை வைத்துக் காக்க வேண்டும்.

ட்ரைவர் எழுதப் பழகும் தம்பி, தங்கச்சிமாருக்கு நாங்க சொல்றது: ஏற்றிப் பார்த்தால் போதாது. நூறு தரம் ஏற்றி இறக்கிப் பாருங்க.