நூலகரும் வாத்தியாரும் சேர்ந்து நடத்திய பாடம்

புனேவில் கல்லூரியில் படிக்கும் என் பையன் போன மாதம் கூட்டுறவு சர்க்கரை ஆலைகளைப் பற்றி ஒரு ப்ராஜெக்ட் எழுதினான். பதினைந்து பக்கம், ஒரே ராத்திரியில் ரெடி!

"இந்தக் கணக்கெல்லாம் எங்கேருந்துடா வந்தது?"

"நெட்லதாம்பா."

யார் எழுதியது, எந்த வருஷத்துக் கணக்கு, எதுவும் அவனுக்குத் தெரியவில்லை. லைப்ரரியில் சொல்லித் தரவில்லையா என்றால், "முதல் வாரம் கூட்டிட்டுப் போய் அலமாரியெல்லாம் காட்டினாங்க, அவ்வளவுதான்" என்றான்.

அவனைத் திட்ட மனசு வரவில்லை. நான் படித்தபோதும் இதே கதைதான். வாத்தியார் வகுப்பில், நூலகர் தன் மேஜையில். இருவரும் சேர்ந்து பாடம் நடத்தி நான் பார்த்ததில்லை.

இத்தனைக்கும் இந்திய நூலகத்துறையின் தந்தை என்று நாம் கொண்டாடும் சீர்காழி எஸ்.ஆர்.ரங்கநாதன் ஒரு கணக்கு வாத்தியார். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் நடத்திக்கொண்டிருந்தவர் 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். ஆரம்பத்தில் அந்த வேலை பிடிக்காமல் கல்லூரிக்கே திரும்பப் பார்த்தார். லண்டன் போய் நூலகங்களைப் பார்த்த பிறகுதான் மனம் மாறியது. 1931-ல் அவர் எழுதிய ஐந்து விதிகளில் ஒன்று, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. புத்தகத்தைப் பூட்டி வைப்பதல்ல, தேடி வருகிறவருக்குத் துணை நிற்பதே நூலகர் வேலை என்றார். காசி, டெல்லி, பெங்களூர் என்று நம்மைப் போலவே ஊர் ஊராகப் போனவர், போன இடமெல்லாம் இதைத்தான் சொன்னார்.

துணை நிற்பது சரி, அதைப் பாடத்துக்குள்ளேயே கொண்டுவர முடியுமா? அமெரிக்காவில் சோதித்துப் பார்த்தார்கள். 1960-களின் தொடக்கத்தில் டெட்ராய்ட் நகரில், வேன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் மான்டீத் கல்லூரியில், பேட்ரிஷியா நாப் என்ற நூலகர் ஆசிரியர்களோடு உட்கார்ந்து பாடத்திட்டத்திலேயே நூலகப் பயிற்சிகளைச் சேர்த்தார். அதில் ஒன்று தெளிவானது. பாடத்தோடு ஒட்டாத பயிற்சியை மாணவர்கள் வெட்டி வேலையாகத்தான் பார்க்கிறார்கள். இன்னொரு சிக்கல், ஆசிரியர்களின் நேரத்தையும் அக்கறையையும் பெறுவது. மாணவர்களை இழுப்பதைவிட அது பெரிய பாடு.

இந்தியானா மாநிலத்தின் எர்ல்ஹாம் கல்லூரியில் இது நிலைத்தே விட்டது. 1962-ல் அங்கே தலைமை நூலகரான எவன் ஃபார்பரின் வழி எளிமையானது. ஆசிரியர் கட்டுரைக்குத் தலைப்பு கொடுக்கும் சமயம் பார்த்து நூலகர் அந்த வகுப்புக்கே போவார். அந்தத் தலைப்புக்கு எதில் தேடுவது, எப்படித் தேடுவது என்று காட்டுவார். பசிக்கிற நேரத்தில் சாப்பாடு!

இதற்குத் 'தகவல் அறிதிறன்' என்ற பெயர் பிறகுதான் வந்தது. 1974-ல் பால் ஸர்கோவ்ஸ்கி என்பவர் அந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். தகவல் எப்போது தேவை என்று உணர்வது, தேடுவது, எடை போடுவது, பயன்படுத்துவது, இந்த நான்கும் சேர்ந்ததே அது என்று 1989-ல் அமெரிக்க நூலகச் சங்கத்தின் குழு வரையறுத்தது.

இன்று கேட்டால் கம்ப்யூட்டரே பத்தி பத்தியாக எழுதித் தருகிறது. தேடுவது சுலபமாகிவிட்டது. எடை போடுவதுதான் முன்னைவிடக் கஷ்டம். அதை முதல் வாரச் சுற்றுலாவில் கற்றுத்தர முடியாது. வாத்தியாருக்குப் பாடம் தெரியும், நூலகருக்கு வழி தெரியும். இரண்டு பேரும் ஒரே வகுப்பில் நின்றால்தான் நடக்கும்.

நம் கையில் இருப்பது கொஞ்சம்தான். பையனிடம், "சார் கொடுத்த தலைப்பை அப்படியே நூலகரிடம் கொண்டு போய்க் காட்டு" என்றேன். அவர் ஒரு பழைய அரசு அறிக்கையை எடுத்துக் கொடுத்தாராம். அதிலிருக்கும் கணக்கும் இவன் நெட்டில் எடுத்ததும் ஒத்துப்போகவில்லை. எது சரி என்று இரண்டு நாளாகத் தலையைச் சொறிந்துகொண்டிருக்கிறான்.

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடமும் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்: "இது எங்கேருந்து வந்தது?"