பூங்குழலி யாருக்குச் சொந்தம்?

கோடியக்கரைக்குப் போகிறவர்கள் இரண்டு ரகம். ஒரு ரகம், கழுத்தில் பைனாகுலர் தொங்க, பூநாரை பார்க்கப் போகும். இன்னொரு ரகம், குழகர் கோயிலைச் சுற்றிவிட்டு, 'பூங்குழலி இங்கேதானே படகு விட்டாள்?' என்று கடலையே பார்த்துக்கொண்டு நிற்கும். நான் இரண்டாம் ரகம். நீங்களும் அப்படித்தான் என்றால் ஒரு கேள்வி. அந்தப் பூங்குழலி யாருக்குச் சொந்தம்?

'பொன்னியின் செல்வன்' 1950லிருந்து 1954 வரை தொடராக வந்தது. அதே 1954 டிசம்பரில் கல்கி காலமானார். எழுதியவர் மறைந்து 60 வருஷம் வரை உரிமை வாரிசுகளுக்கு என்பது சட்டம். ஆனால் 1999லேயே தமிழக அரசு கல்கியின் எழுத்துகளை நாட்டுடைமை ஆக்கிவிட்டது. (1949ல், ஓமந்தூரார் ஆட்சியில், பாரதியில் ஆரம்பித்த வழக்கம் இது.) அப்புறம் என்ன? கெட்டி அட்டை, மலிவுப் பதிப்பு என்று ஊரெல்லாம் வந்தியத்தேவன்!

இதில் ஒரு ஓட்டை உண்டு. கதையை ஒருவர் சுருக்கி எழுதி, அந்தச் சுருக்கத்துக்கு மட்டும் 'உரிமை எனக்கே' என்று போட்டுக்கொள்ளலாம். சட்டம் தடுக்காது. பரவாயில்லை, மூலம் நம் கையில் இருக்கிறது.

கம்ப்யூட்டர் மென்பொருளில் அப்படி இல்லை. மனிதர் எழுதிய மூல நிரல் கம்பெனியின் பெட்டிக்குள். நமக்கு வருவது இயந்திரத்துக்கு மட்டுமே புரிகிற எண்கள்.

அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் வேலை பார்த்த இடத்தில் பிரிண்டர் அடிக்கடி பேப்பரை மென்றது. 'மூல நிரலைக் கொடுங்கள், சரி செய்கிறேன்' என்றார். 'கொடுப்பதில்லை என்று ஒப்பந்தம்' என்றார்கள். கோபம் வராதா? 1983ல் 'குனு' திட்டத்தை அறிவித்தார். 1989ல் 'ஜிபிஎல்' உரிமம் வந்தது. இஷ்டம்போல் பயன்படுத்து, பிரித்துப் பார், திருத்து, அடுத்தவருக்குக் கொடு. காசுக்குக்கூட விற்கலாம். ஆனால், கொடுக்கும்போது மூல நிரலையும் இதே உரிமைகளையும் சேர்த்தே கொடுக்க வேண்டும்.

பி.காம். படித்த எனக்குப் பிடித்த இடம் இதுதான். மனிதர் தன் பதிப்புரிமையைத் துறக்கவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் இந்த நிபந்தனையைப் போட்டார். பூட்டை வைத்தே கதவைத் திறந்து வைக்கிற தந்திரம்! ஆங்கிலத்தில் இலவசம், சுதந்திரம் இரண்டுக்கும் 'ஃப்ரீ'தான். நமக்கு அந்தக் குழப்பம் வேண்டாம். இது சுதந்திரம்.

உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்கு அடியில் ஓடுகிற லினக்ஸ்கூட இந்த உரிமத்தில் வந்ததுதான்.

பூங்குழலியின் படகில் ஓட்டை விழுந்தால் அவளே அடைத்துக்கொள்வாள். யாரிடமும் அனுமதி கேட்க மாட்டாள். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய மென்பொருளில்? அடுத்த முறை 'ஐ அக்ரீ' பட்டனை அமுக்குவதற்கு முன்னால், மேலே இருக்கிற பொடி எழுத்துகளைக் கொஞ்சம் படித்துப் பாருங்கள்.